இணையவழிச் சீட்டாட்டம்: தொடர் இழப்பை எதிர்கொள்ளும் வழிகள்

திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியில் பலர் குடும்பத்தைப் பிரிந்து, சுழற்சி முறையில் பணியாற்றுகின்றனர். இரவுப் பணியின் களைப்பும் தனிமையும் சேரும்போது போக்கர், ரம்மி போன்ற பண ஆட்டங்கள் எளிதில் பழக்கமாகிவிடுகின்றன.

விட்டதைப் பிடிக்க முடியுமா?
ஒவ்வோர் ஆட்டத்திலும் சீட்டுகள் புதிதாகக் கலைக்கப்படுகின்றன. பத்து முறை தோற்றவருக்கு அடுத்த முறை நல்ல சீட்டு வரும் என்பதற்கு எவ்வித உறுதியும் இல்லை. இழப்பின் பதற்றமும் தூக்கமின்மையும் நிதானத்தைக் குலைத்து, பந்தயத் தொகையை உயர்த்தத் தூண்டுகின்றன.

அறிகுறிகள்
• கடன் வாங்கி ஆடுதல்
• வீட்டுக்கு அனுப்ப வேண்டிய பணத்தைச் செலவிடுதல்
• இழப்பை மறைத்தல்
• நிறுத்த முயன்றும் இயலாமை

உலக சுகாதார நிறுவனம் இந்நிலையைச் சூதாட்டக் கோளாறு என வகைப்படுத்தியுள்ளது. இது ஒழுக்கக்கேடு அன்று. இதற்குச் சிகிச்சை உண்டு.

செய்ய வேண்டியவை
• போன பணத்தைப் போனதாகவே ஏற்று, ஆட்டத்தை உடனே நிறுத்துங்கள்.
• ஆட்டச் செயலிகளையும் கடன் செயலிகளையும் நீக்குங்கள்.
• ஊதியம் வந்த அன்றே வீட்டுக்குரிய தொகையை அனுப்பிவிடுங்கள்.
• கடன் விவரம் முழுவதையும் நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் கூறுங்கள்.

பணம் வைத்து ஆடும் இணையவழி விளையாட்டுகளை 2025ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடைசெய்கிறது. எனவே, இழந்ததை மீட்கலாம் என அழைக்கும் செயலிகளை நம்பாதீர்கள்.

உதவிக்கு
வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் சிறிதும் தாமதிக்காதீர்கள். டெலி மானஸ் 14416, மாநில உதவி எண் 104 ஆகியவற்றை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனையிலும் ஆலோசனை பெறலாம்.