மாட்டுக்குப் போட்ட ஊசி

முதலில் டீயைக் குடியுங்கள். பூனைக்குக் காய்ச்சல், நாம் போடும் பாராசிட்டமாலில் கால் மாத்திரை கொடுக்கலாமா என்று கேட்டீர்களே, கூடவே கூடாது. சின்ன உடம்பு, அளவைக் குறைத்தால் போதும் என்றுதான் தோன்றும். ஆனால் அந்த மருந்தை முறித்துக் கழிக்க நம் ஈரலுக்குத் தெரிந்த வழி பூனையின் ஈரலுக்குச் சரிவர வராது. மருந்து தங்கி ரத்தத்தைக் கெடுத்துவிடும். ஈறு பழுப்பேறும், முகம் வீங்கும், மூச்சு இரைக்கும்.

இதே சங்கதிதான் பாறு கழுகுகளையும் காவு வாங்கியது. 1990களில் இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் நேபாளத்திலும் அவை கொத்துக் கொத்தாகச் செத்தன. கழுத்தைத் தொங்கப் போட்டபடி மரத்தில் உட்கார்ந்திருக்கும், பிறகு விழுந்துவிடும். அறுத்துப் பார்த்தால் ஈரல்மேலும் இதயத்தின்மேலும் சுண்ணாம்பு அடித்தாற்போல வெள்ளைப் படிவு. அது யூரிக் அமிலம். சிறுநீரகம் போய்விட்டது என்று அர்த்தம்.

எதனால் போயிற்று? கிருமியா, பூச்சிமருந்தா, ஈயமா என்று தேடியதில் ஒன்றும் சிக்கவில்லை. பாகிஸ்தானில் ஆராய்ந்த லிண்ட்சே ஓக்ஸ் குழு, கழுகு எதைத் தின்கிறது என்று யோசித்தது. செத்த மாட்டை. அந்த மாட்டுக்கு என்ன மருந்து கொடுக்கிறார்கள் என்று மருந்துக் கடைகளில் போய் விசாரித்தார்கள். எனக்கு இந்த ஆராய்ச்சியில் மிகவும் பிடித்த இடம் இதுதான். அகப்பட்டது டைக்ளோஃபெனாக், வலிக்கும் வீக்கத்துக்கும் போடும் ஊசி. சிறுநீரகம் கெட்டுச் செத்த 25 கழுகுகளிலும் அந்த மருந்து இருந்தது. வேறு காரணத்தால் செத்த 13-இல் ஒன்றில்கூட இல்லை. 2004-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள்.

2006-இல் மாட்டுக்கு அந்த மருந்து இந்தியாவில் தடையானது. ஆனால் மனிதருக்கான பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்கே போட்டார்கள்; 2015-இல் அந்தக் குப்பியை 3 மில்லிக்குமேல் விற்கக் கூடாது என்றாக்கினார்கள். அசெக்ளோஃபெனாக்கும் ஆபத்துதான், மாட்டின் உடம்புக்குள் போனதும் டைக்ளோஃபெனாக்காக மாறிவிடும். அதற்கும் கீட்டோபுரோஃபெனுக்கும் தடை வர 2023 ஆயிற்று.

மெலாக்ஸிகாம் மாட்டின் வலியையும் தீர்க்கும், கழுகையும் கொல்லாது. மசினகுடிப் பக்கம் மாடு வைத்திருக்கும் உங்கள் மச்சானுக்கு இந்தப் பெயரை எழுதிக் கொடுங்கள். மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கும் பாறுகள் அவர் மாடு மேயும் காட்டுக்கு மேலேதான் வட்டமிடுகின்றன. பூனையை நாளைக் காலையில் தூக்கிக்கொண்டு வாருங்கள், பார்த்துவிடுவோம்.