‘லா பெல்லா பிரின்சிபெசா’: படைப்பாளரைச் சுட்டுவதில் சான்றுகளின் எல்லை

ஆய்வுச் சுருக்கம்

லியனார்டோ டாவின்சி வரைந்ததாகக் கூறப்படும் ‘லா பெல்லா பிரின்சிபெசா’ (அழகிய இளவரசி) என்னும் சுண்ணக்கட்டி ஓவியம் குறித்து அறிஞர்களிடையே உடன்பாடு எட்டப்படவில்லை. இவ்விவாதத்தில் முன்வைக்கப்பட்ட சான்றுகளை, ஒரு கருத்தை விலக்கும் சான்று, ஒரு கருத்தை நிறுவும் சான்று எனப் பகுத்து, ஒவ்வொன்றின் எல்லையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: லியனார்டோ, சுண்ணக்கட்டி ஓவியம், உடைமை வரலாறு, கரிமக் காலக்கணிப்பு, படைப்பாளர் சுட்டல்.

முன்னுரை

கையொப்பமில்லாத பழைய ஓவியம் ஒன்றை இன்னார் வரைந்தது எனத் துணிவதற்கு உடைமை வரலாறு, பொருளாய்வு, பாணியாய்வு ஆகிய மூன்றும் பயன்படுகின்றன. இம்மூன்றும் வெவ்வேறு வினாக்களுக்கு விடை தருபவை. ஒன்றன் விடையை மற்றொன்றன் விடையாகக் கொள்ளும்போது பிழை நேர்கிறது.

ஓவியமும் அதன் உடைமை வரலாறும்

ஏறத்தாழ 33 செ.மீ. உயரமும் 24 செ.மீ. அகலமும் கொண்ட இவ்வோவியம், பதப்படுத்தப்பட்ட விலங்குத்தோலில் கருப்பு, சிவப்பு, வெள்ளை ஆகிய மூவண்ணச் சுண்ணக்கட்டிகளாலும் மையாலும் வரையப்பட்டது. பின்னாளில் அத்தோல் ஓக் பலகையில் ஒட்டப்பட்டுள்ளது. மிலான் அரசவைக்குரிய உடையும் கூந்தல் ஒப்பனையும் கொண்ட இளம்பெண் ஒருத்தியின் பக்கவாட்டுத் தோற்றம் இதில் காணப்படுகிறது.

1998ஆம் ஆண்டு நியூயார்க்கில் கிறிஸ்டிஸ் நிறுவனம் இதனை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த ஜெர்மானிய ஓவியம் என்னும் குறிப்புடன் ஏலத்தில் விற்றது. விலை 21,850 டாலர். 2007இல் இதனை வாங்கிய பீட்டர் சில்வர்மேன் இது மறுமலர்ச்சிக் காலத்தது எனக் கருதினார். ஏலத்திற்கு முன்பு ஓவியம் ஜியானினோ மார்கிக் என்னும் ஓவியச் சீரமைப்பாளரின் குடும்பத்திடம் இருந்தது. அதற்கு முந்தைய நூற்றாண்டுகளுக்கு உறுதியான ஆவணத் தொடர்ச்சி இல்லை. ஏனைய சான்றுகளின் மீது சுமை ஏறுவதற்கு இந்த இடைவெளியே காரணமாகும்.

பொருட்சான்று

தோலின் மீது செய்யப்பட்ட கரிமக் காலக்கணிப்பு, அது 1440க்கும் 1650க்கும் இடைப்பட்டது எனக் காட்டியது. இம்முடிவு லியனார்டோவின் வாழ்நாளுக்கு (1452–1519) இடமளிக்கிறது, அவரையே சுட்டுவதில்லை. கணிக்கப்படுவது தோலின் காலமேயன்றி அதன் மீது கோடு வரையப்பட்ட காலமன்று. பழைய ஆவணங்களிலிருந்து வெற்றுத்தோலைப் பெற்றுப் பிற்காலத்தில் வரைதல் இயலும். எனவே கிறிஸ்டிஸ் நிறுவனத்தின் 19ஆம் நூற்றாண்டுக் குறிப்பைக்கூட இக்கணிப்பு தனித்து நின்று மறுப்பதில்லை. தோல் அண்மைக் காலத்தது என்னும் கருத்தை மட்டுமே அது விலக்குகிறது.

2015இல், தண்டனை பெற்ற போலி ஓவியரான ஷான் கிரீன்ஹால், கடைப் பணிப்பெண் ஒருவரை முன்மாதிரியாகக் கொண்டு 1978இல் தாமே இதனை வரைந்ததாகக் கூறினார். லியனார்டோ தரப்பினர் இக்கூற்றை ஏற்கவில்லை. ஆயினும் தோலின் பழைமையை மட்டும் காட்டி இதற்கு விடையளிக்க இயலாது என்பது கருதத்தக்கது.

கைத்தடச் சான்று

லியனார்டோ இடக்கையாளர். அவருடைய நிழற்கோடுகள் இடப்பக்க மேல்முனையிலிருந்து வலப்பக்கக் கீழ்முனை நோக்கிச் சாய்பவை. பாஸ்கல் கோட் மேற்கொண்ட பல்நிறமாலைப் படமெடுப்பு இத்தகைய கோடுகளை இவ்வோவியத்தில் தெளிவாகக் காட்டியது. மார்ட்டின் கெம்ப், கார்லோ பெட்ரெட்டி முதலியோர் லியனார்டோவே இதன் படைப்பாளர் என்றனர். நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தின் கார்மென் பாம்பாக் உள்ளிட்டோர் அதனை ஏற்கவில்லை. இடக்கைக் கோடுகள் வலுவான குறிப்பேயாயினும், அவரைப் பின்பற்றுவோர் போலச்செய்யக் கூடியவை. மேலும், லியனார்டோ தோலில் வரைந்த வேறு ஓவியம் எதுவும் இன்று அறியப்படவில்லை.

வத்திக்கானிலுள்ள ‘புனித ஜெரோம்’ ஓவியத்தின் விரல்ரேகையோடு இவ்வோவியத்தின் ரேகை ஒத்திருப்பதாக 2009இல் கூறப்பட்டது. அந்த ஒப்பீட்டு முறை கடுமையான ஐயத்திற்கு உள்ளானமையால் அச்சான்று வலுவிழந்தது.

ஏட்டுச் சான்று

2011இல் கெம்பும் கோட்டும் முன்வைத்த சான்று வேறு வகையானது. வார்சாவிலுள்ள போலந்து தேசிய நூலகத்தில் ‘ஸ்ஃபோர்சியாடா’ என்னும் நூலின் தோற்படி ஒன்று உள்ளது. மிலானில் 1490இல் அச்சிடப்பட்ட அந்நூலிலிருந்து வெட்டியெடுக்கப்பட்ட ஏடே இவ்வோவியம் என அவர்கள் வாதிட்டனர். 1496இல் மணமாகி அவ்வாண்டிலேயே இறந்த பியாங்கா ஸ்ஃபோர்சாவே இப்பெண் என்பதும் அவர்கள் கருத்து. நூலின் கட்டில் ஐந்து தையல் துளைகள் உள்ளன. ஓவியத்தின் விளிம்பிலோ மூன்றே காணப்படுகின்றன. அம்மூன்றும் நூலின் துளைகளுக்குப் பொருந்துகின்றன என்பது அவர்கள் வாதம். எண்ணிக்கை வேறுபாட்டை மறுப்பாளர்கள் சுட்டுகின்றனர்.

முன்வைக்கப்பட்டவற்றுள் நிறுவும் தன்மைக்கு மிக அண்மையில் வருவது இச்சான்றே. தோல் ஒரு குறிப்பிட்ட நூலுக்குரியது என நிறுவப்பட்டால் உடைமை வரலாற்றின் இடைவெளி பெருமளவு நிரம்பும். அப்போதும் ஓவியம் அந்நூலுக்காக வரையப்பட்டது என்பதே உறுதியாகும். வரைந்த கை யாருடையது என்னும் வினாவுக்குப் பாணியாய்வே விடை கூற வேண்டும்.

முடிவுரை

கரிமக் காலக்கணிப்பு ‘இயலாது’ எனக் கூற வல்லது. ‘இவரே’ எனக் கூற வல்லதன்று. பாணியாய்வு ‘இவரே’ எனக் கூற முற்படுவது. ஆயின் நிபுணர்களின் உடன்பாடின்றி நிலைபெறாதது. ஆவணத் தொடர்ச்சி இவ்விரண்டையும் இணைப்பது; இங்கு அது இல்லை. பல சான்றுகள் ஒரே திசையைக் காட்டுவதாலேயே முடிவு உறுதியாகிவிடாது. அவை ஒன்றையொன்று சாராதவையா, மாற்று விளக்கங்களை ஒவ்வொன்றும் எவ்வளவு விலக்குகிறது என்பன முதலில் ஆராயப்பட வேண்டும். இவ்வகையில், ‘லியனார்டோ வரைந்ததாகக் கருதப்படுவது’ என்னும் குறிப்பே இன்றைய சான்றுகளுக்குப் பொருந்துவதாகும்.