அனுபவம் இல்லாமல் சுயதொழில்

2001 பிப்ரவரி 28ஆம் நாள் கோலார் தங்கவயல் சுரங்கம் மூடப்பட்டது. தந்தையார் வேலை இழந்தார். பிழைப்புத் தேடி, மாரிக்குப்பத்தில் ரயிலேறித் தினமும் பெங்களூர் சென்றவர்களில் நானும் ஒருவன். பெயிண்ட் வேலை செய்யலாம் என்று துணிந்தேன். முன் அனுபவமோ கிடையாது.

முதலில் எங்கள் லைன் வீட்டுக்கு நானே பெயிண்ட் அடித்தேன். பிறகு உறவினர் ஒருவர் வீட்டுக்குக் கூலி வாங்காமல் அடித்துக் கொடுத்தேன். அதைப் பார்த்தவர் வழியாகவே முதல் வேலை வந்தது. அங்கே அளக்காமல் மொத்தத் தொகை பேசிவிட்டேன். மேல்தளத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. கைப்பணம் போயிற்று.

புதிதாகத் தொடங்கும் நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: சுவரையும் மேல்தளத்தையும் அளந்து, சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசுங்கள். பட்டி, பிரைமர், பெயிண்ட் செலவைத் தனியே எழுதிக் கொடுங்கள். முன்பணம் வாங்கிய பிறகே பொருள் வாங்குங்கள். அரசின் 'உத்யம்' இணையப் பதிவுக்குக் கட்டணமில்லை. வங்கிக் கடன் கேட்கும்போது உதவும்.

சுரங்கம் தந்தையாருக்கு மாதச் சம்பளம் தந்தது. சுயதொழிலில் சம்பள நாளை நாமே உண்டாக்க வேண்டும். ஆகவே ஒரு வேலை நடக்கும்போதே அடுத்ததைக் கேட்டு வையுங்கள்.