நாலு கட்டும் சேர்ந்தால்தான் ஒரு ஆட்டக்காரர்

2014-இல் பிளிசார்ட் நிறுவனம் வெளியிட்ட ஹார்த்ஸ்டோன் என்ற டிஜிட்டல் சீட்டாட்டத்தில் ஒரு கட்டுக்கு 30 சீட்டு. அதன் போட்டிகளில் பெரிதும் பழகிய ‘கான்குவெஸ்ட்’ முறையில் ஆளுக்கு நான்கு கட்டுகள், நான்கும் வெவ்வேறு வகை. எதிராளி அவற்றில் ஒன்றைத் தடை செய்வார். ஜெயித்த கட்டை மறுபடி எடுக்க முடியாது. மீதமுள்ள மூன்றும் தலா ஒரு ஆட்டம் ஜெயித்தாக வேண்டும். ஆகவே எந்தக் கட்டு அதிகம் ஜெயிக்கிறது என்ற பட்டியலை மட்டும் பார்த்து போட்டிகளின் போக்கைக் கணிப்பது தவறு. பார்க்க வேண்டியது ஒரு ஆட்டக்காரர் கொண்டுவரும் நான்கு கட்டு வரிசையின் பலவீனமான கட்டை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு கட்டுகள் தோற்கவே தோற்காது, மூன்றாவது மட்டும் யாரோடு மோதினாலும் 20 சதவீதமே ஜெயிக்கும் என்று வைப்போம். எதிராளியின் மூன்று கட்டும் ஜெயித்து முடிவதற்குள், அதாவது மூன்று தோல்விக்குள், அது ஒருமுறை ஜெயிக்க வேண்டும். அதற்கான வாய்ப்பு 48.8 சதவீதம்தான். எதிராளியின் ஒரு கட்டைக் குறிவைத்தே வரிசை அமைப்பவர்கள் நம்புவது இந்தக் கணக்கைத்தான்.

‘எல்லாம் சீட்டு விழுவதைப் பொறுத்தது’ என்பார்கள். ஒரு ஆட்டத்துக்கு அது பொருந்தும். ஆனால் எதைக் கொண்டுவருவது, எதைத் தடை செய்வது என்பவை முதல் சீட்டு விழும் முன்பே எடுக்கும் முடிவுகள். அந்த முடிவுகளுக்கு இடம் குறைந்தால் என்ன ஆகும் என்பதும் தெரிந்ததே. 2019-இல் ஹார்த்ஸ்டோனின் கிராண்ட்மாஸ்டர்ஸ் லீக், ஒரே வகைக் கட்டில் ஐந்து சீட்டு வரை மாற்றி ஆடும் ‘ஸ்பெஷலிஸ்ட்’ முறையைக் கொண்டுவந்தது. ஒரே மாதிரி ஆட்டங்கள் அலுத்துப்போயின. அந்த ஆண்டிலேயே அதைக் கைவிட்டார்கள்.