உயிர்ச்சத்துக்கு ஒரு சிமிழ்

பெரிய காஞ்சிபுரத்தில் தறி நெய்யும் முதியவர் ஒருவரை அண்மையில் காணச் சென்றிருந்தோம். தொண்டைப் புற்றுக்காகக் காரப்பேட்டை அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனையில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்று வருபவர் அவர். (இவ்வூரில் பிறந்து புற்றுநோயால் மறைந்த அண்ணாவின் நினைவாக 1969-இல் எழுந்தது அம்மருத்துவமனை.) தலைமாட்டில் வைட்டமின் மாத்திரைப் புட்டி ஒன்று இருந்தது. "கரண்டு வைத்தால் இரத்தம் கெட்டுவிடுமாம், சாமி. இது காக்கும் என்று மருமகன் வாங்கி வந்தார்" என்றார்.

மருமகனின் எண்ணம் முற்றும் பிழையன்று. கதிர் பட்டதும் உடலின் நீர் உடைந்து, ஹைட்ராக்சில் என்னும் மூர்க்கமான துணுக்குகள் தோன்றுகின்றன. அவை இரத்த அணுவின் கொழுப்புச் சுவரைத் துளைக்கும்; எலும்பு மஜ்ஜையின் தாயணுக்களையும் கொல்லும். தொண்டையில் படும் கதிரால் இக்கேடு குறைவே. இடுப்பெலும்பு, முதுகெலும்பு ஆகியவற்றில் பட்டால்தான் மிகுதி. வைட்டமின் ஈ அத்துணுக்குகளின் தொடர்வேட்டையை நிறுத்த வல்லது. வைட்டமின் சி அதற்குத் துணை. ஆயினும் முன்னது நீரில் கரையாது. பின்னதோ மிகையானால் சிறுநீரோடு போய்விடும்.

இவ்விரண்டையும் ஏற்றிச் செல்லும் கலமே லைப்போசோம். முட்டை மஞ்சட்கருவிலும் சோயாவிலும் உள்ள லெசித்தின் நீரில் கலந்தால் தானாகவே நுண்ணிய சிமிழ்களாக மூடிக்கொள்வதை, 1960-களில் இங்கிலாந்தின் ஆலெக் பாங்கம் கண்டறிந்தார். சிமிழின் உள்நீரில் சி, சுவரில் ஈ எனக் குடியிருத்தலாம். கல்லீரல், மண்ணீரல், மஜ்ஜை ஆகியவற்றின் விழுங்கணுக்கள் இச்சிமிழ்களைப் பற்றிக்கொள்ளும். அவ்விடங்களில் ஒளியும் கிருமியால் வரும் காலா அசார் நோய்க்குப் பீகாரில் லைப்போசோம் மருந்து பயன்படுவது இதனாலேயே. கதிரினின்று இரத்தத்தைக் காக்கும் வைட்டமின் சிமிழோ இன்னும் ஆய்வுக்கூடத்தைத் தாண்டி நோயாளியின் படுக்கைக்கு வரவில்லை.

தடை யாதெனில், கவசம் புற்றணுவுக்கும் கிடைத்துவிடலாம். கனடாவில் தலை, கழுத்துப் புற்றுக்குக் கதிர் பெற்ற 540 பேரிடம் நடந்து 2005-இல் வெளியான ஆய்வில், ஒரு பாதியினர்க்கு வைட்டமின் ஈயும் பீட்டா கரோட்டினும் கொடுத்தனர். பக்கவிளைவுகள் குறைந்தன, ஆனால் புற்று மீண்டும் தலைகாட்டுவது கூடுவதாகத் தோன்றிற்று. நம் முதியவரின் நோயும் அவ்வினத்ததே அன்றோ! புட்டியை மருத்துவரிடம் காட்டச் சொன்னோம். சிகிச்சை முடியும்வரை வேண்டாம் என அவர் தடுத்துவிட்டார். மருமகனுக்குச் சற்று மனத்தாங்கல்தான்.

"அப்படியானால் அந்த முட்டைக் கருவையே தின்றால் போதுமா, சாமி?" என்றார் பெரியவர். தின்னலாம், உடம்புக்கு நல்லதே. ஆனால் அது குடலில் செரித்துப்போகும், சிமிழாக இரத்தத்திற் சேராது என்றோம். மறுநாள் முதல் அரைவேக்காட்டு முட்டை வேண்டுமென்று மகளிடம் சொல்லிவிட்டார்.