எல்லா எரிச்சலும் அல்சர் இல்லை

எங்க ஊர்ப்பக்கம், அதாவது கம்பைநல்லூர் சுற்றுவட்டாரத்தில், வயிற்றில் எது நடந்தாலும் அதற்கு ஒரே பெயர்தான்: அல்சர். நெஞ்சு எரிந்தால் அல்சர், ஏப்பம் வந்தால் அல்சர், ரெண்டு நாள் வெளிக்குப் போகாவிட்டாலும் அல்சர். நான் டாக்டர் இல்லை, சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவன். பத்து விதப் பிழைக்கும் ஒரே எர்ரர் மெசேஜ் காட்டும் ப்ரோக்ராம் மாதிரிதான் எனக்கு இது தெரிகிறது. அதை வைத்துக்கொண்டு எதைச் சரி செய்வது?

நானும் ரெண்டு வருஷம் அந்தக் குழப்பத்தில் இருந்தவன்தான். ராத்திரி பத்தரை வரை அமெரிக்க டீமோடு கால். முடிந்ததும் தட்டு நிறைய சோறு, கை ஈரம் காய்வதற்குள் படுக்கை. விடியற்காலையில் தொண்டை வரை புளிப்பு. தினம் ஒரு அசிடிட்டி மாத்திரை. ஊருக்குப் போனால் அம்மா, "களிய விட்டுட்டு மூணு வேளையும் சோத்தப் புடிச்ச, அதான் அல்சர். கொள்ளு ரசம் குடி" என்பார். இதில் உண்மை இருக்கா என்று தேடிப் பார்த்தேன்.

கொஞ்சம் இருக்கிறது. சுமார் 90 வருஷத்துக்கு முன் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் என்ற டாக்டர், இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்களின் சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். மரவள்ளியை நம்பிய திருவிதாங்கூர்ச் சாப்பாடு தின்ற எலிகளில் கால்வாசிக்கு மேல் இரைப்பையில் புண். அரிசியை நம்பிய மெட்ராஸ் சாப்பாட்டில் அதைவிடக் குறைவு. கோதுமை, பால், காய்கறி கலந்த சீக்கியர் சாப்பாட்டில் ஒன்றுக்கும் இல்லை. பிறகு மைசூரில் மிஷன் ஆஸ்பத்திரி சர்ஜனாக இருந்த ஃபிராங்க் டோவி, சிறுகுடல் தொடக்கத்தில் வரும் புண் அரிசி தின்னும் பகுதிகளில் அதிகம் என்று 1979-ல் எழுதினார். அடுத்த வருஷம் ஜெயராஜ் என்பவரோடு சேர்ந்து செய்த ஆய்வில், கொள்ளும் அதிலிருந்து எடுத்த கொழுப்பும் எலிகளைப் புண்ணிலிருந்து காத்தன. படித்தபோது அம்மாவுக்கு உடனே போன் போடலாமா என்று தோன்றியது.

போடவில்லை. ஏனென்றால் கதை அங்கே முடியவில்லை. 1982-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் வாரனும் மார்ஷலும் இரைப்பையில் வாழும் ஒரு பாக்டீரியாவை வளர்த்துக் காட்டினார்கள். ஈஸ்டர் லீவில் தட்டுகளை எடுக்காமல் விட்டதால்தான் அது வளர்ந்ததே தெரிந்தது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்று பெயர். 2005-ல் நோபல் பரிசு. நிஜமான அல்சருக்குப் பெரிய காரணம் இந்தக் கிருமி. அதற்கு ஆன்டிபயாடிக் சேர்த்த சிகிச்சை வேண்டும், ரசம் போதாது.

எனக்கு இருந்ததோ புண்ணே இல்லை. எண்டோஸ்கோபியில் தெரிந்தது அமிலம் மேலே ஏறுவது மட்டும். உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. வயிறு முட்டத் தின்றுவிட்டுப் படுத்தால் அது தளர்ந்து கொடுக்கும், புவியீர்ப்பின் உதவியும் போய்விடும். களி தின்றுவிட்டுப் படுத்தாலும் இதே கதைதான். எங்க தாத்தா காலத்தில் களியோடு இன்னொன்றும் இருந்தது: பொழுது சாயும்போதே சாப்பாடு, அப்புறம் திண்ணையில் ரெண்டு மணி நேரம் பேச்சு. நாம் களியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டோம்.

இப்போது கால் தொடங்கும் முன் ஏழரைக்கே சாப்பிட்டுவிடுகிறேன். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல். தலையணை அடுக்கினால் கழுத்துதான் வலிக்கும். படுப்பது இடது பக்கம். தொப்பையில் ஐந்து கிலோ குறைந்தது. இதற்குப் பிறகு டாக்டரைக் கேட்டு மாத்திரையை நிறுத்தினேன்.

மலச்சிக்கல் தனிக் கணக்கு. அங்கே களிக்கு நிஜமாகவே மதிப்பு உண்டு, கேழ்வரகில் நார் அதிகம். ஆனால் திடீரென்று அள்ளித் தின்றால் வயிறு உப்பும், மெல்லக் கூட்ட வேண்டும். தண்ணீரும் சேர வேண்டும். காலையில் சாப்பிட்டதும் பெருங்குடல் தானாக அசையும், அந்த நேரத்தில் வருவதை அடக்கக் கூடாது. கொள்ளில் நம் குடலால் செரிக்க முடியாத சில சர்க்கரைகள் இருக்கின்றன, அதைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் தின்று கேஸ் உண்டாக்கும். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் குறையும்.

ஒன்றை மட்டும் கேஸ் என்று தள்ளிவிடாதீர்கள். நடக்கும்போது நெஞ்சை அழுத்துகிற வலி, கூடவே வியர்வை, இடது கைக்கோ தாடைக்கோ பரவினால் சீரக சோடா வாங்க ஓடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். என் உறவினர் ஒருவர் சோடா குடித்துவிட்டு ரெண்டு மணி நேரம் காத்திருந்தார். கருப்பாகத் தார் மாதிரி மலம் போவது, விழுங்கச் சிரமம், காரணமில்லாமல் எடை குறைவது, இவையும் வீட்டு வைத்தியத்துக்கு உரியவை இல்லை.

கடைசியில் எங்க வீட்டில் நிஜ அல்சருக்குப் பக்கத்தில் இருந்தது அம்மாதான். முட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் பட்டை பட்டையாக வாங்கி, வருஷக்கணக்கில் வலி மாத்திரை போட்டிருக்கிறார். இந்த வகை மாத்திரைகள் இரைப்பையின் பாதுகாப்புப் படலத்தையே பலவீனமாக்கும். கிருமிக்கு அடுத்த பெரிய காரணம் இதுதான். டாக்டரிடம் கூட்டிப்போய் மாற்றி வாங்கினோம். கொள்ளு ரசம் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் தொடர்கிறது, ருசிக்காக.