தோண்டாமல் செம்பெடுக்க இயலுமா?

நிலத்தடியில் செம்புத் தாது உண்டென்று கண்டவுடன் சுரங்கம் தோண்டுவதே நாம் அறிந்த வழக்கம். தோண்டாமலே செம்பை வெளிக்கொணரும் முறையும் ஒன்று உண்டு. நீர் கலந்த கந்தக அமிலத்தை ஆழ்துளைக் கிணறுகளின் வழியே பாறைக்குள் செலுத்துகிறார்கள். அது வெடிப்புகளினூடே ஊர்ந்து செம்பைக் கரைத்துக்கொள்கிறது. அக்கரைசலை அடுத்துள்ள கிணறுகளின் வழியே மேலே இறைத்து, முடிவில் மின்சாரத்தின் துணையால் செம்பைப் பிரிக்கிறார்கள். எளிய வேலையாகத் தோன்றுகிறதல்லவா? ஆயினும், எல்லாத் தாதுப் படிவுகளும் இதற்கு இடங்கொடுப்பதில்லை. தகுதியை அறிய நான்கு வினாக்களை எழுப்ப வேண்டும்.

முதலாவது, செம்பு எவ்வடிவில் உள்ளது? மாலகைட், கிரிசொகொல்லா போன்ற தாதுக்கள் அமிலத்தில் எளிதில் கரையும். கந்தகத்தோடும் இரும்போடும் பிணைந்த சால்கோபைரைட் எளிதில் கரைவதில்லை.

இரண்டாவது, அமிலம் செம்பைச் சென்றடையுமா? ஆய்வுக்கூடத்தில் நொறுக்கிய கல் விரைவில் கரையும். பூமிக்குள் இருக்கும் பாறையோ நொறுங்கியதன்று. எனவே துளையிட்டெடுத்த பாறைத் தண்டுகளில், செம்பு வெடிப்புகளின் ஓரமாகப் படிந்துள்ளதா என்று பார்க்கிறார்கள். பிறகு ஒரு கிணற்றில் நீரை இறைத்து, சுற்றியுள்ள கிணறுகளில் நீர்மட்டம் எவ்வளவு தாழ்கிறதென்று அளக்கிறார்கள். பாறைக்குள் நீரோட்டம் எத்தகையதென்பதை இச்சோதனை காட்டிவிடும்.

மூன்றாவது, அமிலத்தை வேறெவை உட்கொள்ளும்? சுண்ணாம்புக்கல் இருந்தால் அமிலம் வீணாவதோடு, கரியமில வாயுவும் ஜிப்சமும் உண்டாகி வழியை அடைத்துவிடும். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் 2020-ஆம் ஆண்டு உற்பத்தியைத் தொடங்கிய கன்னிசன் திட்டத்தில், இவ்வாயுக் குமிழிகளே கரைசலின் ஓட்டத்தைத் தடுத்தன.

நான்காவது வினாவே தலையாயது: நிலத்தடி நீர் கெடாதிருக்குமா? செலுத்துவதைவிடச் சற்று மிகுதியாக இறைத்தால், சுற்றிலுமுள்ள நீர் உள்நோக்கியே பாயும். அமிலம் வெளியே கசியாது. எல்லையில் கண்காணிப்புக் கிணறுகளும் வேண்டும். அதே அரிசோனாவிலுள்ள பிளாரன்ஸ் நகரருகே 1997-98-இல் ஒரு முன்னோடிச் சோதனை நடைபெற்றது. பின்னாளில் அங்கே வேலையைத் தொடர முற்பட்டபோது, குடிநீரைக் கருதி அந்நகரமே நீதிமன்றத்தில் வழக்காடியது.

ஆகவே, செம்பு எவ்வளவு உள்ளது என்ற கணக்கு மட்டும் போதாது, மாணவ நண்பர்களே! உள்ளே அனுப்பும் நீர் எங்கே செல்லும், எவ்வழியே திரும்பும் என்பதையும் அறிந்த பின்னரே முதற்சொட்டு அமிலத்தைப் பூமிக்குள் விடலாம்.